காப்பீட்டு அட்டையும் ஒரு நாள் கூலியும்

கேள்வி: எங்கள் பகுதியில் தறி ஓட்டும் குடும்பங்கள் பலவற்றில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. பணம் கட்ட வேண்டியதில்லை என்றாலும், “அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்கிறார்கள். இது அக்கறையின்மைதானே?
— ஒரு வாசகி, பள்ளிபாளையம்

பதில்: நான் அப்படிக் கருதவில்லை, அம்மா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான இத்திட்டத்தில் பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. ஆனால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு இருக்க நாமக்கல் ஆட்சியர் அலுவலகம் வரை போய்வர வேண்டுமென்றால், மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவர் அன்று தறியை நிறுத்தியாக வேண்டும். அவரைப் பொறுத்தவரை அந்தக் கூலிதான் பிரீமியம்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் இந்தக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பஞ்சுத் தூசியால் வரும் இருமலுக்கும் இளைப்புக்கும் கிளினிக்கில் வாரந்தோறும் கொடுக்கும் பணத்தை அது ஈடுசெய்வதில்லை. தினம் உறுத்தும் செலவுக்கு உதவாத அட்டையை, என்றோ வரக்கூடிய இருதய அறுவைச் சிகிச்சைக்காக இன்றே வாங்கி வைக்க மனம் முந்துவதில்லை. நோயாளியைச் சேர்த்த பிறகு சான்றுக்கு அலைவதைத்தான் காண்கிறோம். அட்டை இருந்தும் முன்பணம் கேட்டார்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த வீதியே பின்வாங்கிவிடும். அப்படிக் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம் என்பதைப் பலர் அறியார்.

2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதைக் கொண்டுவரும் பெண்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். காப்பீட்டுப் பதிவையும் அவர்கள் வழியாக, தறி ஓடாத வார விடுமுறை நாளில், அந்தந்த வீதியிலேயே நடத்துவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் வேண்டாம் என்று என் கணவர் மறுக்கிறார். சரியா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சரியில்லை. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி செலுத்துவது 487 ரூபாய் 50 காசு. இதில் புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் குடும்பத்துக்கே கிடைப்பதோடு, உரிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், நோயுற்றுப் படுத்த காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவீதமும் கிடைக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.