‘குட் டச், பேட் டச்’ வகுப்பு மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு நடத்துகிறார்கள். இதனால் பாலியல் வன்கொடுமை உண்மையிலேயே குறையுமா? பள்ளியும் அரசும் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: வகுப்பு தேவைதான். ஆனால் அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று தெரிந்துகொண்டு நடத்த வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் 2015 ஆய்வுத் தொகுப்பு, ஏறத்தாழ 5,800 பிள்ளைகள் பங்கேற்ற 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளின் புரிதல் கூடியிருந்தது, பயம் கூடவில்லை. நடந்ததை வெளியே சொல்வது அதிகரிக்கிறது என்பதற்கும் அறிகுறி இருந்தது. கொடுமையே குறைந்தது என்று சொல்லத்தான் போதிய சான்று கிடைக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை நாற்பது வயது ஆளைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. வகுப்பு அந்தக் குழந்தைக்கு வாய் கொடுக்கிறது. தடுப்பது நம் வேலை.

முதலில் அந்த ‘பேட் டச்’ என்ற சொல்லையே விட்டுவிடலாம். தொடுகிறவர் பெரும்பாலும் முரட்டுத்தனமாகத் தொடுவதில்லை. கொஞ்சுகிறார், கிச்சுகிச்சு மூட்டுகிறார், விளையாட்டு என்கிறார். ‘கெட்டது’ என்றால் வலிக்கும் என்று நினைத்திருக்கும் குழந்தை குழம்பிப்போகிறது. கெட்டது என்று தெரிந்தும் தடுக்கவில்லையே, அப்படியானால் நானும் கெட்டபிள்ளையா என்று சுருங்கிப்போகிறது. அதைவிட ஒரு விதியைச் சொல்லிக் கொடுப்பது தெளிவு: வாய், மார்பு, தொடைகளுக்கு நடுவே, பின்புறம். இந்த இடங்களை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, படமெடுக்கக்கூடாது. தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, அப்படிப்பட்ட படங்களைக் காட்டவும் கூடாது. குளிப்பாட்டவோ வைத்தியத்துக்கோ தொட வேண்டியிருந்தால் நம்பிக்கையான பெரியவர் கூட இருப்பார், அதை யாரும் ரகசியமாக வைக்கச் சொல்ல மாட்டார்கள். யாராவது விதியை மீறினால் தப்பு அவருடையது, குழந்தையுடையது இல்லை.

உறுப்புகளுக்கு உண்மையான பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ‘பூ’, ‘ஷேம் ஷேம்’ என்று வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர் இருந்தால், குழந்தை ஆசிரியரிடம் சொன்னாலும் அவருக்குப் புரியாது. பிறகு காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் அதே சொல்லை வைத்துக் குழப்புவார்கள்.

‘தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே’ என்ற பாடமும் போதாது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2007இல் அறிக்கை வெளியிட்டது. அதில் 53 விழுக்காட்டினர் ஏதோவொரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள், அவர்களில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். தெரிந்தவர் எடுத்ததும் தொடுவதில்லை. தனிச் சலுகை, கூடுதல் மதிப்பெண், வண்டியில் கொண்டுபோய் விடுவது என்று ஆரம்பிப்பார். பிறகு ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று ஒரு சின்ன ரகசியம் வைத்து, குழந்தை சொல்கிறதா என்று சோதிப்பார். ஆகவே, தொடுதலுக்கு முன்பே வரும் இந்த ரகசியத்தைப் பற்றி வகுப்பில் கட்டாயம் பேச வேண்டும். பிறந்தநாள் பரிசை ஒளித்துவைத்தால் அது ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். என்றைக்குமே யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும். இது முதல் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

வரிசை முக்கியம். முதலில் ஆசிரியர்களுக்கும் ஆயா, வேன் ஓட்டுநர், காவலாளி உட்பட எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி, அடுத்து பெற்றோர் கூட்டம், கடைசியில்தான் பிள்ளைகள். இதைத் தலைகீழாகச் செய்யும் பள்ளிகளில் என்ன ஆகிறது? வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து சொல்கிறது, கேட்கும் ஆசிரியருக்குக் கைகால் ஓடுவதில்லை. ‘சரி, யாரிடமும் சொல்லாதே’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறப்பது கடினம். முந்நூறு பேரை மைதானத்தில் உட்கார வைத்து மைக்கில் பேசுவதிலும் பயனில்லை. வகுப்பு வகுப்பாக, ஒரு பீரியட் வீதம், ஆண்டுக்குப் பலமுறை நடத்துங்கள். முடிந்ததும் நடத்தியவர் தனியாகப் பேச வசதியான இடத்தில் அரைமணி நேரமாவது இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இணையப் படங்கள், மிரட்டல், 18 வயதுக்குக் கீழே சம்மதம் சட்டத்தில் செல்லாது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒரு பிள்ளை சொன்னால்: அமைதியாகக் கேளுங்கள். ‘அவர் இங்கே தொட்டாரா?’ என்று வார்த்தையை வாயில் போடாதீர்கள், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ போதும். அதன் சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியர், தாளாளர், கமிட்டி என்று ஆளாளுக்கு முன்னால் மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்துவது மகா தவறு. நடந்தது அண்மையில் என்றால் உடுப்பைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று மருத்துவமனை சொல்லக்கூடாது.

பள்ளி ‘நாங்களே விசாரிக்கிறோம்’ என்று உட்காரக்கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் (2012) 19ஆம் பிரிவின்படி தெரிந்தவுடன் காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். ஆதாரம் தேட வேண்டியது ஆசிரியர் அல்ல. நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது, மறைத்தவருக்குத்தான் தண்டனை. ஊழியருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டப் பள்ளி விடுதி வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காத குற்றச்சாட்டுக்கு ஆளான மருத்துவர் மீதான எஃப்.ஐ.ஆரை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாதென்றது.

ஆட்களை எடுப்பதில்தான் பள்ளிகள் மிக மெத்தனமாக இருக்கின்றன. 2020 போக்சோ விதிகள், பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும் குறித்த கால இடைவெளியில் காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்கின்றன. அந்தச் சான்று பதிவான வழக்குகளை மட்டுமே காட்டும். ஆகவே முன்பு வேலை பார்த்த பள்ளிக்கே போன் செய்து ஏன் நின்றார் என்று கேளுங்கள். சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்புகிற பள்ளி, ஆபத்தைப் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறது. வெளியாட்களுக்கும் இதே சரிபார்ப்பு வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்து மாணவிகள் பாதிக்கப்பட்டது வெளியே வந்தது. மூடிமறைக்கப் பார்த்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் செய்திருந்தாலே அந்த ஆளின் வேஷம் கலைந்திருக்கும்.

மற்றவை பெரிய செலவில்லாதவை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, கதவில் கண்ணாடி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி அனுப்பத் தடை, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் தகவல். விளையாட்டுப் பயிற்சி, ஸ்பெஷல் கிளாஸ், வெளியூர்ப் போட்டி என்றால் இரண்டு பெரியவர்கள். புகார்ப் பெட்டியின் சாவி நிர்வாகத்திடம் மட்டும் இருந்தால் அந்தப் பெட்டி வெறும் தகரம்தான், பெற்றோர் பிரதிநிதி முன்னால் திறக்க வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (தமிழகப் பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் கழிப்பறைச் சுவரில் எழுதுங்கள். பிள்ளை யார் கண்ணிலும் படாமல் படிக்கக்கூடிய இடம் அதுதான்.

அரசுக்குச் சொல்ல வேண்டியதில் முதன்மையானது, ஒவ்வொரு பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர். அடுத்தது, புகார் கொடுத்த பிறகு குடும்பத்தோடு நிற்கும் ஆள். விதிகளில் ‘உதவி நபர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். பல பெற்றோருக்கு அப்படி ஒருவரைக் கேட்கலாம் என்பதே தெரிவதில்லை, கேளுங்கள். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். பெயர், படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக்கூடாது. ‘பேர் கெட்டுப்போகும்’ என்று தயங்கும் பெற்றோரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புகாருக்குப் பிறகு டி.சி. வாங்கிக்கொண்டு போகும்படி எந்தப் பள்ளியாவது ஜாடை காட்டினால், எழுத்தில் கேட்டு வாங்கி அந்தக் காகிதத்தைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுங்கள்.