உப்பேறும் நிலத்தைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

வேதாரண்யம் பகுதியிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய இரவில் தென்னந்தோப்பை இழந்த குடும்பம் தங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் நன்றாக எழுதித் தேறிய மகள், கடலோர நிலத்தில் வேளாண்மையை நிலைக்க வைக்கும் ஆராய்ச்சியில்தான் தன் வாழ்க்கை என்று சொல்கிறார். உறவினர்களோ செவிலியர் படிப்பையும் கணினிப் பொறியியலையும் முன்வைக்கிறார்கள். “நாங்களே கைவிட நினைக்கும் தொழிலைப் படிக்க நான்கு ஆண்டுகள் செலவிட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளைச் சேர்க்கலாம். ஆனால் எந்தக் கல்லூரியில் சேர்க்கிறோம் என்பதிலும், முதல் பட்டத்தோடு படிப்பு முடியாது என்பதை இன்றே ஏற்றுக்கொள்வதிலும் குடும்பம் உறுதியாக இருக்க வேண்டும்.

வேளாண்மை செய்வதும் வேளாண் அறிவியல் படிப்பதும் ஒன்று என்று நினைப்பதால்தான் பெரும்பாலான பெற்றோர் தயங்குகிறார்கள். தங்கள் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்து மணல்மேட்டில் பெய்யும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால், மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேல்மட்டம் மோட்டாரால் 1 அடி இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் எவ்வளவு ஏறிவரும் என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடுகிறது. இலட்சத்தீவின் பவளத் தீவுகளில் மக்கள் குடிக்கும் கிணற்றுநீரும் இப்படி மிதக்கும் நன்னீர்தான். தங்கள் தோப்புக்கும் அந்தத் தீவுகளுக்கும் உள்ள இந்த உறவை அறிந்து, எந்தப் பயிரை எந்த மாதத்தில் எவ்வளவு நீரில் வளர்க்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் நம் கரையோர மாவட்டங்களில் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

மண்ணிலும் அப்படித்தான். உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் நம் ஊர்களில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. களர் நிலத்தில் சோடியம் மண்துகள்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஜிப்சம் இட்டு அதை விலக்க வேண்டும். உவர் நிலத்தில் கரைந்து நிற்கும் உப்பை நல்ல நீர் பாய்ச்சி வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும், அங்கே ஜிப்சத்திற்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம். நெல்லோ 3 டெசிசைமனைக் கடந்ததுமே தளரத் தொடங்கி, அதன்பின் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு விளைச்சலை இழக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை வயல்களில் படிந்த உப்பைப் பெரிதும் கழுவிக் கொண்டுபோனது வடகிழக்குப் பருவமழை. வடிகால் அடைபட்ட வயல்களுக்கு அந்த மழையாலும் முழுப் பயன் கிடைப்பதில்லை. கடைமடை உழவர் அனுபவத்தில் அறிந்திருக்கும் இதை அளந்து, பதிவு செய்து, அடுத்த ஊருக்கும் பொருந்தும் முறையாக மாற்றுவதுதான் தங்கள் மகள் செய்ய நினைக்கும் வேலை.

இத்தகைய ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. உவர்நீர் மீன்வளர்ப்புக்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1987இல் அமைத்த நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதன் களநிலையம் முட்டுக்காட்டில் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகளை மீட்ட பணியும், வேதாரண்யத்தில் உப்பைத் தாங்கும் செடிகளுக்கென்றே வளர்த்த தோட்டமும் தங்கள் மகள் நேரில் பார்க்க வேண்டியவை. அந்தமானில் 1978இல் தொடங்கப்பட்ட மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை இவற்றுள் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த தாழ்நிலங்களில், மண்ணை வெட்டி அகலமான மேட்டுப் பாத்திகளாகவும் இடையே ஆழமான வாய்க்கால்களாகவும் அமைக்கும் முறையை அங்கே பரப்பினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை பாத்தியின் உப்பைக் கழுவிவிடுகிறது. மேலே காய்கறி, வாய்க்காலில் நெல்லும் மீனும், கோடையில் அதே வாய்க்கால் நீரே பாசனத்திற்கு. முன்பு மழைக்காலத்தில் நெல் மட்டுமே கண்ட நிலம், ஆண்டு முழுவதும் கைக்காசு தரும் நிலமாக மாறியது. மண்ணியல், நீரியல், மீன்வளம், சந்தைக் கணக்கு ஆகிய நான்கும் ஒரே வயலில் சந்திக்கும் இடம் அது.

இங்கேதான் வேளாண் வணிகம் வருகிறது. மகளின் விருப்பத்தைச் சொல்லும் தங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குச் சற்றுக் கவலையளித்தது. கடலோரத்தில் அறிவியலையும் வணிகத்தையும் பிரித்ததால் வந்த இழப்பைத் தங்கள் மாவட்டமே கண்டிருக்கிறது. 1990களில் இறால் பண்ணைகள் பெருகியபோது நெல்வயல்களும் குடிநீரும் உப்பேறின. வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளும் வீழ்ந்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்த பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் வந்தது; 2009 முதல் நோயற்ற தாய் இறாலைக் கொண்டு வன்னமி என்ற வெளிநாட்டு இறால் வகையின் வளர்ப்பு அனுமதிக்கப்பட்டது. இன்று இறால் குஞ்சுப் பொரிப்பகம், தீவன நிறுவனம், நீர்ப் பரிசோதனைக் கூடம், ஏற்றுமதிக் கூடம் என்று எல்லா இடங்களிலும் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் பக்கத்து வயலைக் கெடுக்காமல் பண்ணை நடத்தத் தெரிந்தவர்களின் தேவை அதைவிடப் பெரிது.

பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் கடற்பாசிக்கும் இதே கதைதான். அதிலிருந்து கிடைக்கும் வருமானம் உண்மையானது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறைகள்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பதும் உண்மை. கேரளத்தின் பொக்காளி நிலங்களில் மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் இறாலும் மாறிமாறி விளைகின்றன. உப்பைத் தாங்கும் மரபுக்கூறு உலக நெல் ஆராய்ச்சிக்கு அந்த நெல்லிலிருந்தே கிடைத்தது. இருந்தும், இயந்திரம் இறங்க முடியாத சேற்றில் அறுக்க ஆள் கிடைக்காமலும், கூலிக்கேற்ற விலை இல்லாமலும் பொக்காளிப் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. அறிவியல் வெற்றி பெற்றும் உழவர் தோற்கும் இடத்தை நிரப்பத்தான் வணிகம் படித்தவர் வேண்டும். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் கூடுதல் ரூபாயாக மாற்றுவதற்கு மிளகாயையும் ஒப்பந்தத்தையும் ஒருசேர அறிந்தவர் தேவை.

இனிப் படிப்பு. தமிழ்நாட்டில் இளநிலை வேளாண் படிப்புக்கு நீட் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்று எழுதியிருப்பதால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். கோயம்புத்தூர் மட்டுமே கல்லூரி என்று நினைக்க வேண்டாம். தங்கள் மாவட்டத்திலேயே கீழ்வேளூரில் 2022 முதல் அரசு வேளாண் கல்லூரி இயங்குகிறது. களர், உவர் மண்ணில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவிக்குத் திருச்சிக் கல்லூரியும் நல்ல இடம், டி.ஆர்.ஒய். என்ற பெயர்வரிசையில் வந்த களர் தாங்கும் நெல் இரகங்கள் அங்கேதான் உருவாயின. இறாலும் மீனும் அவரை ஈர்த்தால், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டத்தை இரண்டாவது விருப்பமாக வைக்கலாம்.

இளநிலையிலேயே “கடலோர வேளாண்மை” என்ற பெயருள்ள படிப்பைத் தேடி அலைய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் பொதுவான வேளாண் பட்டமாகவே இருக்கட்டும். வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேளாண்மை அலுவலர் தேர்வு, நபார்டு வங்கியின் அலுவலர் தேர்வு ஆகிய மூன்று கதவுகளும் அந்தப் பட்டத்திற்குத் திறந்திருக்கும். தனிச்சிறப்புத் துறையை முதுநிலையில் தேர்ந்தெடுக்கலாம். அப்போது மண்ணியல் அல்லது உழவியல் என்றால் அது ஆராய்ச்சி வழி. வேளாண் வணிக மேலாண்மை என்றால் ஐதராபாத்தின் மேனேஜ் நிறுவனம், குஜராத்தின் ஆனந்தில் ஊரக மேலாண்மை கற்பிக்கும் இர்மா நிறுவனம், நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று பல இடங்கள் உள்ளன. எது தன் வழி என்பது மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவருக்கே தெரிந்துவிடும்.

கல்லூரி விஷயத்தில் மட்டும் தாங்கள் கடுமையாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர், பெருந்தொகை கொடுத்து ஒரு தனியார் கல்லூரியில் வேளாண் பட்டம் பெற்றிருந்தார். அந்தக் கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இல்லாததால், அகில இந்திய முதுநிலைச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவே அவரால் முடியவில்லை. திறமை இருந்தது, வழி அடைபட்டுவிட்டது. அவருடைய தந்தையின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அரசுக் கல்லூரி கிடைக்காமல் போனால், அங்கீகாரத்தின் தற்போதைய நிலையை எழுத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இடைத்தரகர் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

காலமும் பணமும் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இளநிலைக்கு 4 ஆண்டுகள், முதுநிலைக்கு 2, முனைவர் பட்டத்திற்கு 3 அல்லது அதற்கு மேல் என்று, ஆராய்ச்சி வழியில் போனால் நிலையான பணிக்கு ஒன்பது பத்து ஆண்டுகள் ஆகலாம். அத்தனை ஆண்டுகளும் தங்கள் கையிலிருந்து செலவாகும் என்று அஞ்ச வேண்டாம். தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு மத்திய அரசின் ஆய்வுத் திட்டங்களில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. முதுநிலையோடு நின்றாலும் வேளாண் அறிவியல் நிலையங்களில் துறை வல்லுநர் பணிக்குத் தகுதி உண்டு; தங்கள் மாவட்டத்திற்கான நிலையம் சிக்கல் என்ற ஊரில் இருக்கிறது. ஆனால் இந்த வல்லுநர் பணியிடங்களும் விஞ்ஞானிப் பணியிடங்களும் எண்ணிக்கையில் குறைவு, போட்டி கடுமை, அறிவிப்பு எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கவும் நேரும். இருபத்திரண்டு வயதில் சம்பளம் வந்தே தீர வேண்டிய நெருக்கடி வீட்டில் இருந்தால், இளநிலை முடித்ததும் வங்கித் தேர்வு எழுதிப் பணியில் சேர்ந்து, பிறகு மேற்படிப்பைத் தொடர்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. அந்த நெருக்கடி உண்டா இல்லையா என்பதை மகளிடம் இப்போதே மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் அவர் உடைந்துபோவார்.

தொழில் தொடங்கும் வழியும் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்காக 2002 முதல் நடக்கும் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் கட்டணமில்லாப் பயிற்சியும், தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்குக் கடனும், பெண்களுக்கு 44 விழுக்காடு மானியமும் உண்டு. வேதாரண்யத்தில் மண்ணையும் கிணற்றுநீரையும் பரிசோதித்து ஆலோசனை சொல்லும் ஒரு மையத்தை மகள் பட்டம் பெற்ற பிறகு இதன் துணையோடு தொடங்க முடியும்.

பெண்பிள்ளை வயலிலும் உப்பங்கழியிலும் எப்படி வேலை செய்வாள் என்று தங்கள் துணைவியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலையை அலட்சியப்படுத்த நான் விரும்பவில்லை. வேளாண் கல்லூரிகளில் இன்று மாணவிகள் பெருமளவில் படிக்கிறார்கள், விடுதி வசதி இருக்கிறது, நான்காம் ஆண்டின் கிராமத் தங்கல் அனுபவம் குழுவாகவே நடக்கிறது. அம்மாவையே ஒருநாள் கீழ்வேளூர்க் கல்லூரிக்கு அழைத்துச் சென்று விடுதியையும் அங்கே படிக்கும் பிள்ளைகளையும் காட்டுங்கள். நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒருநாள் அவருக்கு அமைதி தரும்.

கலந்தாய்வு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தங்கள் தோப்பு, கடலை நோக்கிய வயல், மேட்டுநிலத்துப் பூத்தோட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் மண்ணும் நீரும் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, வரும் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். களர்பாலை, குழியடிச்சான் போன்ற உப்பைத் தாங்கும் பழைய நெல் வகைகளை விதைத்த பெரியவர்கள் ஊரில் இருந்தால், எந்த மாதம் விதைத்தார்கள், ஏன் கைவிட்டார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்று கேட்டு அதையும் எழுதட்டும். இந்த வேலை அவருக்கு இனித்ததா, சலித்ததா என்பதை அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். விருப்பப் பட்டியலில் வேளாண்மையை முதலில் வைப்பதா, மீன்வளத்தை முதலில் வைப்பதா என்பதை அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மூவரும் பேசி முடிவு செய்வோம்.