மூளை ஓரிடம், காப்புரிமை வேறிடம்

கேள்வி: பன்னாட்டு நிறுவனம் ஒரு நாட்டில் ஆய்வு மையம் திறந்தால், அங்கே கண்டுபிடிப்பது அந்த மையத்துக்குச் சொந்தமாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. மையம் தனி நிறுவனமாகப் பதிவாகியிருக்கும். ஆனால் ஆய்வில் விளைவதெல்லாம் தாய் நிறுவனத்துக்கே என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிடுவார்கள். மையத்துக்கு வருவது செய்த செலவும் அதன்மேல் ஒரு சிறு சதவீதமும். செலவு 10 கோடி டாலர், லாபம் 15% என்று வையுங்கள். மையம் 11.5 கோடிக்கு பில் போடும். 25% வரி என்றால் அரசுக்கு 37.5 லட்சம். அங்கே வடிவமைத்த சிப் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தாலும் இதே கணக்குதான். ஆய்வு ஊற்றிக்கொண்டாலும் இதேதான். நட்டம் தாய் நிறுவனத்தின் தலையில்.

வில்லங்கம் வரித்துறையில் தொடங்கும். எந்த ஆய்வைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று உண்மையில் முடிவெடுப்பது மையத்தின் பொறியாளர்கள் என்றால், அந்தச் சிறு சதவீதம் போதாது என்பார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஈசிடி (OECD) 2015-இல் திருத்திய வழிகாட்டுதலும் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. வேலையை நடத்தியது யார், இடர்ப்பாட்டைக் கட்டுப்படுத்தியது யார் என்று பார்க்கிறது. பட்ஜெட் ஒப்புதலும் கூட்டக் குறிப்புகளும் ஒப்பந்தத்துக்கு முரணாக இருந்தால் நிறுவனம் வழக்கில் நிற்பது கடினம்.

கேள்வி: அப்படியானால் மையம் இருக்கும் நாட்டுக்கு என்னதான் ஆதாயம்?

பதில்: முதலில் சம்பளம், மென்பொருள் மையங்களில் செலவின் பெரும்பகுதி அதுதான். அதைவிடப் பெரியது, வேலை கற்றவர்கள் வெளியே வந்து செய்வது. அமெரிக்க சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூருக்கு வந்தது. இன்று அந்நகரம் சிப் வடிவமைப்புக்குப் பெயர்போனது. ஆனால் ஒரு பொருளை முழுவதுமாகப் பொறுப்பேற்றுச் செய்தவருக்குத்தான் அந்தக் கைத்திறன் வரும். துண்டு துண்டாகச் சோதனை வேலை மட்டும் பார்த்தவரிடம் கொண்டுபோக அதிகம் இருக்காது. நல்ல பொறியாளர்களை மையங்களே அள்ளிக்கொண்டால், அதே சம்பளம் தர முடியாத உள்ளூர் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் காய்ந்துபோகும்.

கேள்வி: ஆய்வு வெளியே போவதை அமெரிக்கா தடுக்கிறதா?

பதில்: தடை இல்லை, வரிவிதி உண்டு. 2022 முதல் நிறுவனங்கள் உள்நாட்டு ஆய்வுச் செலவை 5 ஆண்டுகளில், வெளிநாட்டு ஆய்வுச் செலவை 15 ஆண்டுகளில் பிரித்து, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க வேண்டியிருந்தது. 2025 சட்டம் உள்நாட்டுச் செலவை உடனே கழிக்க மீண்டும் அனுமதித்தது. வெளிநாட்டுக்கு அதே 15 ஆண்டுதான். முதல் ஆண்டுக்குப் பாதி ஆண்டுக் கணக்கு என்பதால், மேலே சொன்ன 11.5 கோடியில் அந்த ஆண்டு கழிக்க முடிவது சுமார் 38 லட்சம் மட்டுமே. வெளிநாட்டுச் சம்பளம் மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரிவிதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.