ரேடார் இருந்தும் விமானிகளுக்குக் கொந்தளிப்பு ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

ரேடார் காட்டுவது மேகத்தில் உள்ள நீர்த்துளிகளை, காற்றை அல்ல. தெளிந்த வானத்தில் வரும் கொந்தளிப்பு திரையில் விழாது. வானிலைக் கணிப்பும், முன்னே போன விமானங்கள் சொல்லும் தகவலும்தான் துணை.

மேகம் இருந்தாலும் அவகாசம் கிடைக்கும் என்றில்லை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777, மியான்மருக்கு மேலே, மேகங்கள் வளர்ந்துகொண்டிருந்த பகுதியில் சிக்கியது. உயரம் சுமார் 37,000 அடி. பெல்ட் விளக்கு எரிந்த சில நொடிகளிலேயே பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டார்கள். விமானம் இறங்கியது 178 அடிதான், ஆனால் 4.6 நொடியில்! ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். விமானிகள் கையால் ஓட்டி நிலைப்படுத்தி, பாங்காக்கில் இறக்கினார்கள்.

எனக்குப் பெரிய கவலை கேபின் ஊழியர்களைப் பற்றித்தான். நாமாவது விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைப் போட்டே இருக்கலாம். அவர்கள் உணவு வண்டியோடு நின்றே ஆகவேண்டும்.