சாவி பெண், அறை ஆண்!

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பேச இந்தி கற்றுக்கொள்கிறேன். 'ஆப்கா கம்ரா' என்றால் உங்கள் அறை, 'ஆப்கீ சாபி' என்றால் உங்கள் சாவி. அறை ஆணாம், சாவி பெண்ணாம்! உயிரில்லாத சாமானில் ஆண் பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், வேலூர்

பதில்: சாமானைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது தம்பி. பால் சாமானில் இல்லை, சொல்லில் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு சொல்லும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை, அவர்கள் மொழியில் இரண்டுமே பெண்பால். இந்திக்கு வந்ததும் 'கம்ரா' ஆ-வில் முடிகிறது என்று ஆண்பால் ஆகிவிட்டது, 'சாபி' ஈ-யில் முடிவதால் பெண்பாலாகவே நின்றுவிட்டது. அதே சாவி தமிழுக்கும் வந்தது, நாம் பேசாமல் அஃறிணையில் போட்டுவிட்டோம்.

ஆக, முடிவெழுத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டலாம். தகியா (தலையணை), தர்வாசா (கதவு) எல்லாம் ஆண், கிடுக்கி (ஜன்னல்) பெண். ஆனால் உங்கள் ஊரில் தினமும் காதில் விழுகிற இரண்டு சொற்கள் இதற்கு அடங்காது. பானி (தண்ணீர்) ஈ-யில் முடிந்தும் ஆண், தவா (மருந்து) ஆ-வில் முடிந்தும் பெண். போர்வை, பெட்ஷீட்டுக்குச் சொல்லும் சாதர் எதிலும் சேராமல் பெண். இவற்றைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள், 'ஆப்கா பானி', 'ஆப்கீ தவா', 'ஆப்கீ சாதர்' என்று ஜோடியாகவே வாயில் பழக்குங்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போதே 'ஆப்கீ சாபி' என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதத்தில் நாக்கே முடிவு செய்துவிடும், யோசிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், உங்கள் லாட்ஜுக்கு வங்காளிகள் நிறைய வருவார்களே, அவர்கள் மொழியில் இந்தத் தொல்லையே கிடையாது. அறைக்கும் சாவிக்கும் ஒரே 'ஆப்னார்'தான். அவன், அவள் இரண்டுக்கும் 'ஷே' என்ற ஒரே சொல். அதனால் அவர்களும் இந்தி பேசும்போது உங்களைப் போலவே கா-வையும் கீ-யையும் மாற்றிப் போடுவார்கள், கூச்சப்படாமல் பேசுங்கள். ஆனால் வங்காளியில் எண்ணும்போது கவனம் வேண்டும். மூன்று பேர் என்றால் 'தின்ஜோன்', மூன்று சாமான் என்றால் 'தின்டே'. முதலில் எனக்கும் மலைப்பாக இருந்தது. ஒருநாள் சாப்பிடப் போன இடத்தில் சர்வர் "மூணு பேரா? உக்காருங்க" என்றார், அடுத்த மேசைக்குத் திரும்பி "மூணு இட்லி" என்று குரல் கொடுத்தார். ஆளுக்குப் 'பேர்' சேர்த்தார், இட்லிக்குச் சேர்க்கவில்லை. அந்தப் பேர்தான் அந்த 'ஜோன்'. எழுத்துத் தமிழில் மூவர், மூன்று என்று பிரிக்கிறோமே, அந்தப் புத்திதான் இதுவும். இப்படி நம் மொழியில் ஒரு கொக்கி கிடைத்துவிட்டால் புது விதி சட்டென்று மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: என் மருமகளுக்குச் சித்தூர் பக்கம். தமிழ் பேசும்போது "பெரியம்மா வந்துச்சு", "அண்ணி சொல்லுச்சு" என்கிறாள். பெரியவர்களை இப்படிச் சொல்லலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: மரியாதைக் குறைவு என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றுதான். அக்கா வந்தாலும் 'வச்சிந்தி', பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'. ஆனால் பெண்கள் இரண்டு பேராக வந்துவிட்டால் ஆண்களுக்குரிய அதே 'வச்சாரு', நாய்கள் வந்தால் மட்டும் 'வச்சாயி'. மரியாதையாகச் சொல்லும்போது ஒரு பெண்ணுக்கும் 'வச்சாரு' உண்டு. ஆகவே "பெரியம்மாவுக்கு வச்சாருன்னு சொல்வியே, அதுதான் தமிழில் வந்தாங்க" என்று ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள், பிடித்துக்கொள்வாள். நம் பக்கத்திலேயே "அக்கா வந்துச்சு", "அந்தப் பொண்ணு போச்சு" என்று பாசமாகப் பேசுகிற வீடுகள் எத்தனையோ, உங்கள் தெருவிலேயே காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனில் சிறுமிக்குச் சொல்லும் 'மேட்ஷென்' ஏன் பெண்பால் இல்லை?
- மாணவர், காட்பாடி

பதில்: கடைசியில் இருக்கிற 'ஷென்' சின்னது, செல்லமானது என்று காட்டும் விகுதி. அது ஒட்டிய சொல் எதுவானாலும் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பாலுக்குப் போய்விடும். அந்தப் பாலுக்குரிய முன்சொல்லான 'டாஸ்' என்பதை முன்னால் போட்டுப் படியுங்கள்.