விக்கிப்பீடியாவை வகுப்பில் பயன்படுத்துவது: கேள்வி பதில்

வணக்கம். பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன், தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதி வருகிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற தளத்தை நம்பி எப்படிப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வது, ஐயா? நாங்கள் "விக்கிப்பீடியா பக்கமே போகாதே" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

நாம் சொல்வதால் போகாமல் இருக்கமாட்டார்கள். தேடுபொறியில் எதைத் தட்டினாலும் முதல் வரிசையில் வருவது அதுதான். கூட உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று காட்டிவிடுவது மேல்.

2005-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் உள்ள கட்டுரைகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் சுமார் 4 பிழைகள், பிரிட்டானிக்காவில் சுமார் 3. பிரிட்டானிக்கா இந்த ஒப்பீட்டைக் கடுமையாக மறுத்தது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ எழுதிவைத்த பொய், சுமார் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. பலரும் பார்க்கிற பக்கத்தில் பிழை வந்தால் சீக்கிரம் பிடிபடும். யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில் மாதக்கணக்கில் தங்கிவிடும். அதனால் "விக்கிப்பீடியாவை நம்பலாமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். "இந்த வரியை எதை வைத்து எழுதினார்கள்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

கேள்வி: சரி, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சியைச் சொல்கிறேன். புளூட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்து, குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் புளூட்டோ பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் வரலாறு என்ற பகுதிக்குப் போங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய பதிப்பு ஒன்று, பிந்தையது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். அப்புறம் உரையாடல் பக்கத்தைத் திறந்து, கட்டுரையில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று பெரியவர்கள் வாதாடுவதைக் காட்டுங்கள்.

பாடநூலில் அச்சான வாக்கியம் வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை யாரோ எழுதினார்கள், யாரோ மறுத்தார்கள், கடைசியில் ஒரு சான்றை வைத்து முடிவு செய்தார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை. இங்கே அது எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. கட்டுரையைவிட அதன் வரலாறும் உரையாடலும்தான் வகுப்புக்குப் பெரிய செல்வம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: முதுகலை மாணவி நான். ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

வேண்டாம் அம்மா. ஆய்வேடுகளில் தன்னை மேற்கோள் காட்ட வேண்டாம் என்று விக்கிப்பீடியாவே சொல்கிறது. கட்டுரையின் அடியில் உள்ள நூலையும் ஆய்விதழையும் தேடிப் படித்து, அதைக் காட்டுங்கள். விக்கிப்பீடியாவையே பற்றி ஆராய்கிறீர்கள் என்றால் மட்டும், நீங்கள் பார்த்த பதிப்பின் நிரந்தர இணைப்பைக் கொடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் மாறினாலும் உங்கள் சான்று மாறாது.

கேள்வி: ஒப்படைப்பு கொடுத்தால் அப்படியே நகலெடுத்துக் கொண்டுவருகிறார்கள். அது கட்டற்ற உரிமம்தானே, தப்பில்லை என்று வாதம் வேறு.

விக்கிப்பீடியா எழுத்துக்கு உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் நகலெடுக்க அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் மூலத்தைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். பெயர் சொல்லாமல் தன் எழுத்தாகக் காட்டுவதற்கு இந்த உரிமம் இடம் தராது. படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்களேன். "ஒளிச்சேர்க்கை பற்றி இரண்டு பக்கம் எழுது" என்றால் நகல்தான் வரும். "இந்தக் கட்டுரையில் சான்று இல்லாத மூன்று வரிகளைக் கண்டுபிடி, ஒன்றுக்காவது நூலகத்தில் சான்று தேடு" என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை.

கேள்வி: கல்லூரியில் 40 பேர் கொண்ட வகுப்பு. மாணவர்களையே கட்டுரை எழுத வைக்கலாம் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நல்ல ஆசை. அவசரப்படாமல் செய்யுங்கள். 2008-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்று இதைச் செய்தது. சில கட்டுரைகள் ஆங்கில விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான சிறப்புக் கட்டுரை நிலைக்கே உயர்ந்தன. அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் குறை சொல்லச் சொல்ல, மாணவர்கள் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியதுதான் காரணம். 2011-இல் புனே கல்லூரிகளில் பெரிய அளவில் முயன்றபோது, நகலெடுத்த பகுதிகள் குவிந்துவிட்டன. தன்னார்வலர்கள் அதைச் சுத்தம் செய்தே களைத்துப்போனார்கள், திட்டமும் நின்றது.

நானும் முதல் தடவை தவறினேன். கட்டுரை நிலைத்தால் மதிப்பெண் என்று அறிவித்தேன். கடைசி நாள் இரவு எல்லாரும் ஒன்றாகப் பதிவேற்றினார்கள், பாதிக்குமேல் நீக்கப்பட்டன. நன்றாக உழைத்த ஒரு பெண்ணின் கட்டுரையும் அந்தக் கூட்டத்தோடு போனது, அவள் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மாணவர் செய்த வேலைக்குத்தான் மதிப்பெண் தருகிறேன். யார் எப்போது என்ன சேர்த்தார்கள் என்பது அவரவர் பங்களிப்புப் பட்டியலிலேயே இருக்கிறது.

புதுக் கட்டுரையில் தொடங்காதீர்கள். முதல் வாரம் எழுத்துப் பிழை திருத்தட்டும், அடுத்து ஒரு சான்று சேர்க்கட்டும், பிறகு ஒரு பத்தி. எல்லாம் முதலில் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில். கணக்குகளை முன்னதாகவே உருவாக்கிவிடுங்கள். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரு நாளைக்கு 6 கணக்குதான் தொடங்க முடியும் என்பதால், 40 பேரும் வகுப்பில் உட்கார்ந்து முயன்றால் ஏழாவது ஆளிலேயே நின்றுவிடும். முன்கூட்டிச் சொன்னால் விக்கிப்பீடியா நிர்வாகிகள் வழி செய்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் சொந்தப் பெயரில் கணக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் மாணவர்கள் தாங்களே கள ஆய்வு செய்து எழுதியதை நீக்கிவிட்டார்கள். மனம் உடைந்துவிட்டது.

வருத்தம் புரிகிறது. ஏற்கெனவே நம்பகமான இடத்தில் வெளியானதைத் தொகுப்பதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை, புதுக் கண்டுபிடிப்புக்கு அங்கே இடமில்லை. ஆய்வின் தரத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்பதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். எடுத்த படங்களை, விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேமிக்கும் தளமான பொதுவகத்தில் ஏற்றலாம். புதிதாகக் கேட்ட சொற்களை, அவை எழுத்தில் புழங்கியதற்குச் சான்று இருந்தால், விக்சனரி என்ற அகராதித் தளத்தில் சேர்க்கலாம். ஆய்வு எங்காவது முறையாக வெளியானால் அதையே சான்றாகக் காட்டலாம்.

கேள்வி: தமிழ்க் கட்டுரை பல இடங்களில் நாலு வரிதான் இருக்கிறது. ஆங்கிலத்தையே பார்க்கச் சொல்லட்டுமா?

இரண்டையும் பார்க்கட்டும். மொழிக்கு மொழி கட்டுரை மாறுவதே ஒரு பாடம். வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்று பல மொழிகளில் தேடிப் பாருங்கள். மார்க்கோனி, பப்போவ், டெஸ்லா, ஜகதீச சந்திர போஸ் ஆகியோரில் யாரை முன்னால் வைக்கிறார்கள், எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். பப்போவ் 1895-இல் தன் கருவியை இயக்கிக் காட்டிய மே 7-ஐ ரஷ்யாவில் வானொலி நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

அந்த நாலு வரியை எட்டு வரியாக்குவது உங்கள் மாணவர்களால் முடியும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இப்படித்தான் லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஒரு கலைச்சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்று தேடும்போதுதான் கருத்தே பிடிபடுகிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் இணையம் சரியாக வராது.

கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விக்கிப்பீடியாவை ஒரு கோப்பாகத் தரவிறக்கிக்கொண்டால், இணைப்பு இல்லாமலே படிக்கலாம். திருத்த முடியாது, வரலாற்றுப் பக்கமும் வராது. படிக்கப் போதும்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. இனி விக்கிப்பீடியா எதற்கு?

அந்தக் கருவிகள் படித்துப் பழகிய எழுத்தில் விக்கிப்பீடியாவும் முக்கியமான பங்கு. ஆனால் அவை தரும் பதிலுக்கு வரலாற்றுப் பக்கம் கிடையாது, யார் மறுத்தார்கள் என்று தெரியாது. சில சமயம் இல்லாத நூலையே சான்றாகக் காட்டிவிடும். அந்தப் பதிலை விக்கிப்பீடியாவில் ஒட்டுவதும் கூடாது.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். கருவி தந்த பதிலை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போடுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, விக்கிப்பீடியாக் கட்டுரையின் அடிக்குறிப்புகள் வழியாக ஒவ்வொன்றுக்கும் மூலத்தைத் தேடச் சொல்லுங்கள். சான்று கிடைத்த வாக்கியத்துக்குப் பச்சை, கிடைக்காததற்குச் சிவப்பு. சிவப்பு விழுந்த வாக்கியங்களை வைத்து அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள்.