பை, அன்டில்: வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா?

'ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்று மெயில் போட்டதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட் கொடுப்பது ஒரே தடவையில் முடிகிற வேலை. அதற்குக் கெடு சொல்ல 'பை ஃப்ரைடே'தான் வரும். வெள்ளிக்குள், வெள்ளியும் சேர்த்தி. வெயிட், ஸ்டே, வொர்க் என நீடிக்கும் வினைகளுக்கே 'அன்டில்': 'ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்'.

எதிர்மறையில்தான் இது ஆளைக் கவிழ்க்கும். 'ஐ வோன்ட் சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே' இலக்கணப்படி சரி. ஆனால் வெள்ளிக்கு முன்னால் தரமாட்டேன் என்று மேனேஜரிடம் முறுக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்! லீவு மெயிலில் 'அன்டில் மண்டே' என்றாலும் திங்களன்று வருவீர்களா மாட்டீர்களா என்று குழப்பம்தான். 'பேக் ஆன் டியூஸ்டே' என்று திரும்பும் நாளையே எழுதிவிடுங்கள்.